லியோனிலா சும்மா ஒரு சுற்றுப் போன வியாழக்கிழமை

கவலைப்படுவதில் லியோனிலா ரகாசாவுக்கு இருந்த தேர்ச்சி மொலோக்காய் தீவில் வேறு யாருக்கும் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் உலை வைக்கும்போதே, அரிசி வேகுமா, வெந்தது குழையுமா, குழைந்ததைப் பிள்ளைகள் தின்னுமா, தின்ற பிள்ளைகளில் ஒன்று பெரியவனாகி மேடையேறித் தன் சோற்றைப் பழிக்குமா என்பதுவரை யோசித்து முடித்துவிடுவாள். ஒருமுறை கடல் பொங்கப்போகிறது என்று சங்கு ஊதி, ஊரே அடித்துப் பிடித்து மேட்டுக்கு ஓடியது. அங்கே லியோனிலா முந்தின நாளே ஏறி உட்கார்ந்து எல்லாருக்கும் காப்பி போட்டு வைத்திருந்தாளாம். அலை கரைவரை வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று திரும்பிப் போய்விட்டதாம். நான் அன்று ஊரில் இல்லை. ஆனால் காப்பி நன்றாக இருந்தது என்பதற்குப் பல சாட்சிகள் உண்டு.

அப்படிப்பட்டவள், தம்பி மகள் லேஹுவாவின் முதல் பிறந்தநாளுக்கு யார் யார் என்ன கொண்டுவருவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து, "மான் என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான்.

எங்கள் தீவில் முதல் பிறந்தநாள் கல்யாணத்தைவிடப் பெரிய சங்கதி. கல்யாணம் சிலருக்கு இரண்டு மூன்று தரம்கூட வாய்க்கும்; முதல் பிறந்தநாள் ஒரே தரம்தான். குழியில் வேகவைக்கும் பன்றிக்குத் தம்பி ஃபெர்மினின் துறைமுகக் கூட்டாளிகள் பொறுப்பு. மீன் பெரியப்பா மக்கள் பொறுப்பு. மான்கறி மட்டும் ரகாசா வீட்டின் மூத்த பிள்ளை கையால் வரவேண்டும். அவள் அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. அதற்குப் பதிலாகக் கடையில் மாட்டுக்கறி வாங்கி வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்கள். அதை நினைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் போனது.

மானுக்கு இங்கே பஞ்சமா என்றால், இல்லை. எப்போதோ ஒரு ராஜாவுக்குச் சீர்வரிசையாகக் கப்பலேறி வந்த புள்ளிமான்கள் பெருகிப் பெருகி இன்று மனிதர்களைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒன்று வந்து நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நின்றது. "பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சா?" என்று சாமியார் கேட்டதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டது. பார்ப்பதற்கு எளிது, பிடிப்பதற்கு அரிது. வில்லின் நாண் விடுபடும் சத்தம் கேட்டு, அம்பு வந்து சேருவதற்குள் குனிந்து தப்பிக்கிற பிறவி அது.

லியோனிலாவிடம் துப்பாக்கி இல்லை. அவள் போய் வரும் ஓடைப்பள்ளம் சித்தப்பா மகன் ஹனாலேயின் நிலம். கூப்பிடு தூரத்தில் வீடுகள் இருப்பதால் அங்கே வில்லுக்கு மட்டும்தான் அனுமதி. அவளுடையது இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில். பள்ளிக்கூடத்து அண்டாக்களைத் தூக்கித் தூக்கி வலத்தோள் தேய்ந்துபோனதால், அதன் இழுவையைத் தன்னால் முடிந்த அளவுக்குத் தளர்த்தி வைத்திருந்தாள்.

போன வருடம் அந்த வில்லோடு போய்த்தான் அது நடந்தது. பளபளவென்று மின்னுகிற மலிவு அம்பலகுகள், அம்பு நுனியில் திருகும் கூர்முனைகள், டப்பா நிறைய, மத்தியானச் சாப்பாட்டு விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கியிருந்தாள். அம்பு மானின் தோள்பட்டையில் பட்டது. அலகு தூண்டில் முள் மாதிரி வளைந்துகொண்டது. மான் ஓடிவிட்டது. சீமைக்கருவேல முள்ளுக்குள் தவழ்ந்து தவழ்ந்து தேடினாள். கடைசியில் நாற்றம்தான் இடத்தைக் காட்டியது. அந்த மான் எத்தனை நேரம் உயிரோடு கிடந்திருக்கும் என்ற கணக்கு மட்டும் அவள் தலைக்குள் ஓயவே இல்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு மானை நோக்கியும் அம்பு விடவில்லை.

ஆக, சனிக்கிழமைப் பந்திக்கு மான் வேண்டும். அந்த மான் ஓர் அம்பில் விழுந்து கைக்குக் கிடைக்க வேண்டும். மறுபடியும் ஒன்றைக் காயப்படுத்தித் தொலைத்துவிட்டால், வில்லைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

அதனால்தான் கௌனகாகாய் கடைத்தெருவில் டோகுஜி கிழவரின் இரும்புக் கடைக்கு அத்தனை நடை நடந்தாள்.

"மறுபடியும் வந்துட்டியா லியோ? பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இத்தனை தடவை வரமாட்டாங்க."

"மாப்பிள்ளை வளஞ்சா நிமித்திக்கலாம் அங்கிள். அலகு வளஞ்சா மான் போச்சு."

கிழவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தார். "இந்தா, குடை. பறக்கறப்ப மடங்கியிருக்கும், பட்டதும் பொட்டுனு விரியும். ஓட்டை இவ்வளவு பெருசு. இளவட்டமெல்லாம் இதைத்தான் கேக்குது."

"விரியலேன்னா?"

"விரியும்மா."

"விரியறதுக்கே பாதி பலம் போயிடாதா? எங்கிட்ட இருக்கறதே பாதி பலம்தான் அங்கிள்."

"சரி, இது பிளேடு மாத்தற வகை. மொண்ணையாச்சுன்னா கழட்டிக் கடாசிட்டுப் புதுசு மாட்டு."

"புதுசு சரக்குப் படகுல வரணும். படகு வரலேன்னா?"

"நீ கவலைப்பட்டே படகைக் கவுத்துருவ போலிருக்கே!"

"அது மட்டுமா? எலும்புல பட்டு அந்தச் சின்ன பிளேடு பேந்து கறிக்குள்ள கெடந்துச்சுன்னா? நான் சமைக்கறவ. ஒரு பிள்ளை வாயில போச்சுன்னா?"

டோகுஜி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து அடித்தட்டைத் துழாவி, தூசி படிந்த ஒரு சின்ன டப்பாவை எடுத்து ஊதினார். உள்ளே சாம்பல் நிறத்தில் மூன்று அலகுகள். ஒரே துண்டு இரும்பு, இருபுறமும் விளிம்பு, நடுவில் தடித்த முதுகு. கழற்றவும் மாட்டவும் ஒன்றுமில்லை. கையில் வாங்கினால் கனம் தெரிந்தது.

"அழகே இல்லையே அங்கிள்."

"அழகுக்குத்தான் நீ இருக்கியே. இது தோலத் தொட்டதுமே அறுக்க ஆரம்பிச்சிரும், விரியட்டும்னு காத்துக்கிட்டு நிக்காது. கனமா இருக்கறதால மெதுவா போனாலும் உள்ள இறங்கும். மொண்ணையானா அரம் போட்டுக்க. நான் செத்த பொறவும் இது இருக்கும். விலையப் பாத்து மயங்கி விழுந்துராதே, இப்பத்தான் தரையைத் தொடச்சேன்."

அவள் விலையைப் பார்த்தாள். மயங்கவில்லை, ஆனால் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணை எய்து பாத்துட்டு வாங்கவா?"

"ஏன், தர்பூசணியா, கொஞ்சம் வெட்டிக் காட்டறதுக்கு?"

வாங்கினாள். வாங்கியதோடு கவலை தீர்ந்ததா? அது இடம்தான் மாறியது. வீட்டுக்கு வந்ததும் அலகை அம்பில் திருகி, அம்பை உள்ளங்கையில் நிறுத்திச் சுழற்றினாள். நுனி ஆடாமல் நின்றது. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. அடுத்த வீட்டுக்காரன் அடித்த மானின் தோள்பட்டை எலும்பைக் கேட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, கந்தல் அடைத்த அரிசி மூட்டைக்கு முன்னால் கட்டினாள். பிறகு அம்பை விட்டாள். அலகு எலும்பைத் துளைத்து, மூட்டையைத் துளைத்து, பின்னாலிருந்த எரிமலைக் கல்லில் போய் 'ணங்' என்றது. எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் அரிசிமணி அளவுக்கு ஒரு பொக்கை. அவ்வளவுதான், வளையவில்லை. அரம் போட்டாள், பொக்கை மறைந்தது. முன்கையில் வைத்து வழித்தாள், ரோமம் சுத்தமாக வந்தது. அந்த வாரம் முழுக்க அவள் இடது கை மொட்டையாக இருந்ததைச் சமையலறையில் எல்லாரும் பார்த்தார்கள். கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. மொட்டை முனையில் பழகிவிட்டு அலகை மாட்டினால் அம்பு வேறு பக்கம் போகும் என்பதால், அந்த அலகிலேயே தினம் பழகினாள். பழகப் பழகக் கூர் போகுமே என்று ஒன்றை மட்டும் எய்யாமல் எடுத்து வைத்தாள். எய்யாத அலகை எப்படி நம்புவது என்று அடுத்த கவலை வந்தது.

இந்த இடத்தில்தான் மார்னி சிவப்பு டப்பாவோடு வந்து சேர்ந்தாள்.

மார்னி, ஃபெர்மினின் மனைவி. விஸ்கான்சினிலிருந்து வந்த நெட்டைப் பெண். வந்து ஒன்றரை வருடமாகியும் வெயிலில் நின்றால் இறால் மாதிரி சிவந்துவிடுவாள். நல்ல மனசு. யாருக்கு என்ன தேவை என்று கவனித்துக்கொண்டே இருக்கும் மனசு. அதில்தான் ஆபத்து.

"மனாங், உங்களுக்குத்தான்!" என்றாள். மனாங் என்றால் ரகாசா வீடு போன்ற இலோக்கானோ குடும்பங்களில் அக்கா. "இன்டர்நெட்ல நாலாயிரம் பேர் பிரமாதம்னு எழுதியிருக்காங்க. ஃபெர்மின்கிட்டகூடச் சொல்லாம வரவழைச்சேன்."

திறந்தால் மூன்று குடை அலகுகள், செக்கச்செவேலென்று.

நாலாயிரம் பேருடைய தோளும் நன்றாக இருக்கும் என்று லியோனிலா நினைத்துக்கொண்டாள். வெளியே, "எதுக்கும்மா இவ்வளவு செலவு?" என்றாள். இரவல் எலும்பில் ஒன்றை எய்தும் பார்த்தாள். விரிந்தது. விரிந்த கையோடு எலும்பிலேயே குந்திக்கொண்டது. அதைச் சொல்லலாமா? போன வாரம்தான் மார்னி, "இந்தத் தீவுல நான் என்ன செஞ்சாலும் தப்பாவே முடியுது" என்று பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரில் கைவிட்டபடி அழுதாள். சொல்லவில்லை. அம்பறாத்தூணியில் சாம்பல் அலகு இரண்டு, சிவப்பு ஒன்று என்று மாட்டி வைத்தாள். சிவப்பு, மார்னியின் கண்ணுக்கு.

வாரம் பிறந்தது. திங்கட்கிழமை காற்று புறமுதுகில் அடித்தது. மனித வாடை மானுக்கு முன்னே போய்விடும். செவ்வாய்க்கிழமை அவள் வண்டியைக் கிளப்பும்போது, தபால்காரனின் மச்சினன், வேற்றூர்க்காரன், வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன ஆன்ட்டி, வேட்டைக்கா?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான், வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அந்தச் சொல்லை இங்கே யாரும் சொல்வதில்லை. மீனுக்குப் போகிறவன் மீனுக்குப் போகிறேன் என்று சொன்னால் மீன் கேட்டுவிடும், மானுக்கும் அப்படியே. "ஹோலோஹோலோ" என்று சொல்ல வேண்டும். சும்மா ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று அர்த்தம். கேட்கிறவர்களும் சரி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வில்லும் கையுமாக நின்றாலும் சும்மா ஒரு சுற்றுத்தான். அந்த வார்த்தை காதில் விழுந்துவிட்டால் அன்றைய பயணம் ரத்து. லியோனிலாவுக்கு இதில் ஐயமே கிடையாது. போன வருடம் அந்த மலிவு அலகோடு போனபோதுகூட யாரோ கேட்டார்கள், கேட்ட பிறகும் போனாள், என்ன ஆயிற்று?

புதன்கிழமை மழை.

வியாழக்கிழமை பின்னேரம்தான் கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமை கறியைத் துண்டு போட்டு, உப்பும் இஞ்சியும் சோயாவும் பூசி ஊறவைத்தால்தான் சனிக்கிழமை பரிமாற முடியும். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, உடுப்பை மாற்றி, வில்லை இருக்கைக்குப் பின்னால் போட்டுச் சாக்கால் மூடி, வண்டியில் ஏறப்போகும் நேரத்தில் மார்னி வாசலில் நின்றாள். மார்பில் கட்டிய தூளியில் லேஹுவா.

"எங்க மனாங்?"

"சும்மா… ஹோலோஹோலோ."

மார்னியின் முகம் மலர்ந்தது. ஃபெர்மின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கடலோரமாக வண்டியில் கூட்டிப் போவான். "வா, ஹோலோஹோலோ போவோம்" என்றுதான் கூப்பிடுவான். ஐஸ் வாங்கித் தருவான். அவளுக்குத் தெரிந்த ஹோலோஹோலோ அதுதான்.

"நானும் வர்றேன்! காலைலேருந்து பலூன் ஊதி ஊதி வாயே கோணிப்போச்சு. இவளும் வெளிக்காத்து பாக்கட்டும்." சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். குழந்தை லியோனிலாவைப் பார்த்து இரண்டு பல்லையும் காட்டியது.

லியோனிலா சாவியைப் பிடித்தபடி உறைந்துபோனாள். வராதே என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பாளே. காரணம் சொன்னால் அந்தச் சொல் வாயில் வந்துவிடும். காரணம் சொல்லாமல் இறக்கிவிட்டால் தொட்டியடியில் நின்று அழுவாள். சூரியன் சாய்ந்துகொண்டே இருந்தது.

"வெயில் அடிக்குமே…" என்றாள்.

"தொப்பி இருக்கு."

"முள்ளு இருக்குமே…"

"பூட்ஸ் போட்டிருக்கேன்."

"குழந்தை பசிக்கு அழுதா?"

"மனாங், என்கிட்ட பால் இருக்கு, பிஸ்கட் இருக்கு, டயப்பர் இருக்கு, துடைக்கற ஈரத்தாள் ரெண்டு பாக்கெட் இருக்கு. ஏன் இப்படிக் கவலைப்படறீங்க? சும்மா ஒரு சுத்துத்தானே!"

வண்டி கிளம்பியது. வழி நெடுக மார்னி பலூனைப் பற்றிப் பேசினாள். லியோனிலாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஓடைப்பள்ளத்தின் வாயில் வண்டியை நிறுத்தி, சாக்கை விலக்கி, வில்லை எடுத்தாள்.

"ஓ!" என்றாள் மார்னி. "மனாங், நீங்க வேட்…"

லியோனிலாவின் உள்ளங்கை பறந்துபோய் அந்த வாயைப் பொத்தியது. நடுவில் மாட்டிக்கொண்ட லேஹுவாவுக்கு இது புது விளையாட்டு. கெக்கெக்கே என்று சிரித்தது.

"அந்த வார்த்தையைச் சொல்லாதே. நாம சும்மா சுத்திப்பாக்க வந்திருக்கோம். புரிஞ்சுதா? தலைய ஆட்டு."

மார்னி கண்ணை அகல விரித்துத் தலையை ஆட்டினாள். கையை எடுத்ததும், "அப்போ அந்த ஹோலோ…" என்று குசுகுசுத்தாள்.

"ஆமா."

"ஐயோ. நான் ஒரு மடச்சி. வண்டியிலேயே இருக்கவா?"

வண்டி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. நிழல் என்றால் பள்ளத்துக்குள்தான். "வா. எனக்குப் பின்னால. நான் வெச்ச எடத்துல காலை வை. பேசாதே." குழந்தையிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், அதையும் ஒரு முறை கெஞ்சலாகப் பார்த்தாள்.

பள்ளத்தின் பாதியில் பழைய கல் மதில் ஒன்று இடுப்பளவுக்கு நிற்கிறது. அதன் பின்னால், சீமைக்கருவேல நிழலில் இரண்டு பேரும் குந்தினார்கள். காற்று முகத்தில் அடித்தது. அந்த மட்டில் நல்லது. குழந்தை தூங்கிவிட்டது. லியோனிலா தன் நெஞ்சு அடிப்பது மதிலுக்கு அப்பால் கேட்குமோ என்று பயந்து, ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

மான்கள் வந்தன. முதலில் ஒரு கிழட்டுப் பெட்டை. காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முன்காலால் ஒரு தட்டுத் தட்டி, நகர்ந்து போனது. அதன் பின்னால் குட்டியோடு ஒன்று, அது வேண்டாம். அதற்கும் பின்னால் குட்டியில்லாத இளம் பெட்டை, மேய்ந்துகொண்டே, நிற்காமல் நடந்து வந்தது.

லியோனிலாவின் கை தூணிக்குப் போனது. விரலில் முதலில் பட்டது சிவப்பு.

மார்னியின் மூச்சு அவள் பிடரியில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை எடுத்தால் அவள் முகம் பூத்துவிடும். எடுத்து எலும்பில் பட்டால்? இதே பள்ளம், இதே முள். விரல் சிவப்பின்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்ததற்கு நகர்ந்தது. சாம்பல் அலகை உருவி நாணில் பூட்டினாள். பின்னால் மூச்சு நின்றுபோனது மாதிரி இருந்தது.

நாணை இழுத்தாள். தோள் முனகியது. மான் நடந்துகொண்டே இருந்தது. நடக்கிற மானுக்கு அம்பு விட்டால் ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் படும். வயிற்றில் பட்டால் ராத்திரி முழுக்க ஓடும். நில்லு, நில்லு என்று மனசுக்குள் கதறினாள். அது நிற்கவில்லை. இன்னும் நாலு அடி போனால் புதர்.

அப்போது லேஹுவா விழித்துக்கொண்டு, "ஆவ்வா?" என்றது.

மான் நின்றது. அழுகிற குழந்தையானால் பாய்ந்திருக்கும். இது மான் பாஷையும் இல்லை, மனுஷ பாஷையும் இல்லை. என்னவென்று கேட்போம் என்று கழுத்தை நிமிர்த்தி, பக்கவாட்டை முழுக்கக் காட்டிக்கொண்டு நின்றது.

அம்பு போனது.

'தப்' என்று ஒரு சத்தம். உடனே அப்பால் கல்லில் 'ணங்.' மான் முதுகை வளைத்து ஒரு துள்ளுத் துள்ளி, முள்காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது. மற்றவை எச்சரிக்கைக் குரல் கொடுத்துக்கொண்டே சிதறின. பிறகு ஒன்றுமில்லை. காற்றுதான்.

"பட்டுதா? பட்டுதா மனாங்? போய்ப் பாக்கலாமா?"

"உக்காரு."

"அது ஓடுதே!"

"இப்ப தொரத்தினா இன்னும் ஓடும். விட்டா பக்கத்துலயே படுக்கும். உக்காரு மார்னி."

சொல்லிவிட்டாளே ஒழிய, உட்காருவது மார்னியைவிட அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அம்பைப் போய் எடுத்து வந்தாள். முழு நீளமும் சிவப்பு; நுரைத்த இளஞ்சிவப்பு. நுரையீரலுக்குள் போய் வந்திருக்கிறது. நல்ல அறிகுறிதான். ஆனால் போன வருடமும் முதலில் நல்ல அறிகுறி என்றுதானே நினைத்தாள்? அலகைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். நேராக இருந்தது. இடது விளிம்பில் கல்பட்ட பொக்கை ஒன்று.

மார்னி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "நான் குடுத்தது வேணாம்னு எடுத்து வச்சிட்டீங்க" என்றாள்.

லியோனிலாவிடம் பொய் ஒன்று தயாராக இருந்தது. ஆனால் அவளிடம் அப்போது மிச்சமிருந்த தெம்பெல்லாம் மானைப் பற்றிய கவலைக்கே போதவில்லை. பொய்க்கு எங்கே போவாள்?

"என் தோள் போயிடுச்சும்மா. வில்லுல பலம் இல்ல. உன்னோடது நல்ல பொருள்தான், நல்ல பலத்துக்கு. ஃபெர்மின் வில்லுக்குக் குடு, ஆனையவே சாய்ப்பான். எனக்கு அது எலும்புலயே உக்காந்துக்கும். எய்து பாத்தேன். சொல்ல முடியல."

"சொல்லியிருக்கலாமே!"

"நீ அழுவே."

"மனாங், நான் டயப்பர் விளம்பரத்துக்கே அழறவ. அதுக்காக மானை நொண்டியாக்க முடியுமா?"

லியோனிலாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "வா, பாப்போம்."

முதல் இரத்தக் கறை இலையில், உள்ளங்கை அகலத்துக்கு. அடுத்தது கல்லில். மார்னி ஓர் ஈரத்தாளை உருவி முள்ளில் குத்தினாள். "அடையாளம். திரும்பி வர்றப்ப வழி தெரியும்." லியோனிலா இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். துளிக்கொரு தாள். முள்காட்டுக்குள் வெள்ளைக் கொடி பறந்தது. அமெரிக்கப் படையே சரணடைந்துவிட்டதோ என்று மேலே போன விமானம் ஒரு வட்டமடித்துப் பார்த்ததாகக் கேள்வி.

பிறகு இரத்தம் நின்றது.

சரிந்துகிடந்த கற்குவியல் ஒன்றின் ஓரத்தில் கடைசித் துளி. அதற்கு அப்பால் இல்லை. லியோனிலா மண்டியிட்டு முகத்தைத் தரைக்குக் கொண்டுபோனாள். செம்மண்ணில் எல்லாமே இரத்தம் மாதிரி இருந்தது. மேலேறிப் பார்த்தாள், கீழே இறங்கிப் பார்த்தாள். கன்னத்தில் முள் கிழித்தது தெரியவில்லை. மூக்கு தன்னையறியாமல் காற்றை முகர்ந்தது.

"போச்சு" என்றாள். "போச்சு மார்னி. மறுபடியும் அதேதான்."

"இருங்க. பதறாதீங்க."

"இருட்டிடும். இருட்டினா ஒண்ணும் தெரியாது. காலைக்குள்ள கறி கெட்டுடும். அது எங்கயோ மூச்சு விட முடியாம…" கடைசித் துளியைக் காலால் மிதித்துவிடாமல் இருக்கத் திரும்பியவள், வந்த வழியைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

முள்ளில் குத்திய தாள்கள் அந்தி வெளிச்சத்தில் வரிசையாகத் தெரிந்தன. நேர்வரிசை இல்லை. அருகிலிருந்து தேடும்போது மான் மேட்டைப் பார்த்து ஓடியதாகத்தான் தோன்றியது. தூரத்திலிருந்து பார்த்தால் தாளுக்குத் தாள் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் வளைந்துகொண்டே வந்திருந்தது, அரிவாள் மாதிரி. அந்த வளைவை மனசுக்குள் நீட்டினாள். மேடு இல்லை. பள்ளம். அடிபட்டது இறக்கத்தைத் தேடியிருக்கிறது.

கற்குவியலைச் சுற்றி இடப்பக்கம் இறங்கினாள். இரண்டு புதர்களைக் கையால் விலக்கினாள்.

இளம் பெட்டை கால்களை மடக்கி, தூங்குவது போல, கருவேல வேரில் தலை வைத்துக் கிடந்தது. கண்ணில் தொட்டுப் பார்த்தாள், இமை அசையவில்லை. உடம்பு சூடு. காது விறைக்கத் தொடங்கியிருந்தது. கல் மதிலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அவர்கள் அங்கே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இது இங்கே அமைதியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. துள்ளிய துள்ளலுக்குப் பிறகு ஒரு பத்து மூச்சு விட்டிருக்கும்.

லியோனிலா அதன் கழுத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். மார்னி ஒரு பிஸ்கட்டை நீட்ட, வாங்கித் தின்றாள். குழந்தையின் பிஸ்கட், உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. இன்னொன்று கேட்டாள்.

வெளிச்சம் போவதற்குள் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கவலைப்பட நேரமில்லாமல் மளமளவென்று முடித்துவிட்டு, ஒரு பாக்கெட் ஈரத்தாளில் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தால், ஒரு மான், ஒரு வில், ஒரு குழந்தை, இரண்டு பெண்கள். வண்டிவரை கல்லும் முள்ளும்.

"தோள் வலிக்குதுன்னு சொன்னீங்கல்ல?" என்றாள் மார்னி.

"இழுத்துட்டுப் போயிடுவேன்."

"சும்மா இருங்க மனாங். எங்க அப்பாவோட பால்பண்ணைல கன்னுக்குட்டியைத் தூக்கித் தூக்கி வளந்தவ நான்." தூளியின் கட்டுகளை அவிழ்த்து, லேஹுவாவை லியோனிலாவின் மார்பில் கட்டி, முதுகுப் பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டாள். குனிந்து, மானின் நான்கு கால்களையும் பிடித்து, ஹூப் என்று ஒரே தம்மில் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுடைய பூப்போட்ட சட்டை பாழாய்ப் போனது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் கவலையிருந்ததாகத் தெரியவில்லை. வில்லையும் எட்டி எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

லியோனிலா ஓர் அடி வைத்தாள். காலடியில் ஒரு கல் உருண்டது. நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் குழந்தையை அணைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் இந்தப் பள்ளத்தில் மான் சுமந்து ஏறியிருக்கிறாள், தண்ணீர் சுமந்து ஏறியிருக்கிறாள். இப்படியொரு சுமையோடு ஏறியதில்லை.

"மார்னி! கொஞ்சம் மெதுவா. மார்னி! இந்த முடிச்சு சரியா இருக்கா? அவுந்துடாதே? ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்!"

"நல்லாத்தான் இருக்கு மனாங், வாங்க!"

"உனக்கென்ன, மானைத்தானே தூக்கிட்டுப் போற!"

லேஹுவா அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. லியோனிலா ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்து, உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து நகர்ந்து பள்ளத்தை ஏறத் தொடங்கினாள். மேலே வண்டியருகில் மானை இறக்கிவிட்டு மார்னி காத்திருந்தாள். வெகு நேரம் காத்திருந்தாள்.